எட்டுக் கதவும் ஒரு கரித்துண்டும்

1

என் ஐம்பதாவது பிறந்தநாளுக்கு மகள் நிஷா ஓர் ஓவிய வகுப்பை என் தலையில் கட்டிவிட்டாள். சட்டை ஒன்று எடுத்துக் கொடுத்திருந்தால் போட்டுக்கொண்டு பேசாமல் இருந்திருப்பேன். இவள் எங்கள் ஊர் மாலைப் பள்ளியில் தொடக்கநிலைப் பிரிவுக்குப் பணத்தைக் கட்டி, என் பெயரையும் பதிந்துவிட்டுத்தான் விஷயத்தைச் சொன்னாள். கட்டிய பணம் திரும்ப வராது, அப்பன் பணத்தை வீணடிக்க மாட்டான் என்ற இரண்டும் அவளுக்குத் தெரியும்.

அப்பாவுக்கு வேலை, தூக்கம் இரண்டைத் தவிர வேறு எதுவும் கிடையாது என்று அவள் தன் அம்மாவிடம் சொல்லியிருக்கிறாள். அதையும் ஜெர்மனில்தான் சொல்லியிருக்கிறாள். நாங்கள் தமிழில் கேட்போம், அவள் ஜெர்மனில் பதில் சொல்வாள். எங்கள் வீட்டில் இது பழகிப்போன ஏற்பாடு. இப்போது படிப்புக்காக ரயிலில் நாலு மணி நேரம் தள்ளியிருக்கும் நகரத்துக்குப் போய்விட்டாள். அந்த ஜெர்மன் பதிலும் இல்லாமல் வீடு ஓய்ந்துபோய்க் கிடக்கிறது.

என்னைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். நான் சின்னக்கானல் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவன். இப்போது ஜெர்மனியின் வட ஓரத்தில், கடலுக்குப் பக்கத்தில், தரையெல்லாம் தோசைக்கல் மாதிரி சமமாகக் கிடக்கும் ஒரு சின்ன ஊரில் குடியிருக்கிறேன். மனைவி ஜெஸி இங்கே ஆஸ்பத்திரியில் நர்ஸ். விசா அவளுக்குத்தான் கிடைத்தது. நான் அவளோடு வந்த சாமான்களில் ஒன்று. பார்சல் கிடங்கில் பெட்டிகளைப் பிரித்து அடுக்கும் வேலை எனக்கு. அவளுக்கு இரவு ஷிப்ட் என்றால் எனக்குப் பகல். பல வாரங்களில் நாங்கள் பேசிக்கொள்வது ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிய துண்டுச்சீட்டில்தான். ‘சாம்பார் கீழ்த்தட்டில்’ என்று அவள் எழுதியிருப்பாள். ‘சாப்பிட்டேன்’ என்று நான் கீழே எழுதுவேன். சண்டை போடக்கூட அதில் இடம் போதாது.

2

வகுப்பு ஒரு பழைய பள்ளிக்கூடத்தின் மாடியில் நடந்தது. என்னைத் தவிர எல்லாரும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள். ஆசிரியை லேனாவுக்கு முப்பது வயதுதான் இருக்கும். என்னைப் பேர் சொல்லி ‘நீ’ என்றுதான் கூப்பிடுவாள், நானும் அவளை அப்படியே கூப்பிட வேண்டுமாம். டீச்சரை ‘நீ’ என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. முதல் சில வாரங்கள் அவளை எப்படியும் கூப்பிடாமலேயே ஒப்பேற்றிவிட்டேன்.

முதலில் ஒரு பாட்டிலையும் ஆப்பிளையும் கசங்கிய துணியையும் மேசையில் வைத்துப் பார்க்கச் சொன்னாள். கையை நீட்டிப் பென்சிலைப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, பாட்டிலின் உயரத்தை அளக்க வேண்டும். அப்புறம் கண்ணைச் சுருக்கி, எது வெளிச்சம் எது நிழல் என்று பார்க்க வேண்டும். நான் ஆப்பிளை வரைந்தால் உருளைக்கிழங்கு வந்தது. அடித்து அடித்துத் திருத்தினேன், உருளைக்கிழங்கு இன்னும் கொஞ்சம் பெரிதானது. ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். கிடங்கில் நாள் முழுக்க என் கையில் சாமான்கள் வந்துகொண்டேதான் இருக்கின்றன, எதையும் நான் ஒரு நொடிக்கு மேல் பார்ப்பதில்லை. ஓர் ஆப்பிளை முக்கால் மணி நேரம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது எனக்குச் சுகமாக இருந்தது. நிஷாவிடம் அதை ஒப்புக்கொள்ளவில்லை.

ஒரு நாள் லேனா, பிறந்து வளர்ந்த வீட்டை நினைவிலிருந்து வரையச் சொன்னாள். எல்லாரும் முக்கோணக் கூரையும் ஒரு மரமுமாகப் போட்டார்கள். நான் தாளைக் குறுக்கே திருப்பி வைத்துக்கொண்டு, ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை நீளமாக ஒரு கூரையும் அதன் கீழே எட்டுக் கதவும் வரைந்தேன். பின்னால் மலைச்சரிவு தாளின் மேல்விளிம்புவரை ஏறிப் போய்விட்டது. லேனா வந்து நின்று பார்த்துவிட்டு, அழகாக இருக்கிறது, ஆனால் நான் வீட்டைத்தானே கேட்டேன், இது என்ன பள்ளிக்கூடமா என்றாள்.

எங்கள் ஆட்களில் யாரிடம் கேட்டிருந்தாலும் இதைத்தான் வரைந்திருப்பார்கள். லயத்தில் பிறந்தவனுக்கு வீடு என்றால் லயம்தான். எட்டுக் குடும்பம், ஒரே கூரை, நடுவில் ஒற்றைச் சுவர்; அந்தப் பக்கம் மரியம்மா அக்கா இருமினால் இந்தப் பக்கம் எங்கள் டம்ளர் அதிரும். இதை ஜெர்மனில் எப்படிச் சொல்வது? வரிசை வீடு என்று அவர்களிடம் ஒரு சொல் இருக்கிறது, அதைச் சொன்னேன். அது நடுத்தரக் குடும்பங்கள் ஆசைப்பட்டு வாங்கும் வசதியான வீட்டின் பெயர் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. பக்கத்தில் இருந்த பெரியவர் முகம் மலர்ந்து, நானும் வரிசை வீட்டில்தான் வளர்ந்தேன், உங்களுக்குத் தோட்டம் முன்பக்கமா பின்பக்கமா என்று கேட்டார். நாலு பக்கமும் என்றேன். தோட்டம் எங்களுடையது இல்லை என்பதைச் சொல்ல வார்த்தை சேரவில்லை. என்னைப் பெரிய பண்ணை வீட்டுப் பிள்ளை என்று அவர் இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கக்கூடும்.

இதில் உன்னுடையது எது என்று லேனா கேட்டாள். இடமிருந்து மூன்றாவதைக் காட்டினேன். அப்படியானால் அதை மட்டும் தனியாக வரை என்று புதுத் தாள் கொடுத்தாள். முயன்று பார்த்தேன். இரண்டு பக்கத்து வீடுகளையும் எடுத்துவிட்டால் எங்கள் வீட்டுக்கு நிற்கச் சுவர் இல்லை. அதைவிட மோசம், ஜன்னல் கதவுக்கு இடப்பக்கமா வலப்பக்கமா என்பது எனக்கு நினைவில்லை. லயத்தில் ஒன்று விட்டு ஒரு வீடு மாற்றி மாற்றிக் கட்டியிருப்பார்கள். ஒன்றில் இடம், அடுத்ததில் வலம். பதினெட்டு வருடம் அந்த ஜன்னலோரம் தூங்கியவனுக்கு அது தெரியவில்லை.

3

அந்த வாரம்தான் அம்மா போன் செய்தாள். ஓய்வு வயது தாண்டியும் தற்காலிக ஆளாகப் போய்வந்துகொண்டிருந்தாள், அந்த வேலையும் இப்போது முடிகிறது. கொழுந்து கிள்ளப் போன கை இனி போக வேண்டாம் என்று கம்பெனி சொல்லிவிட்டது. வேலை போனால் வீடும் போகும், தோட்டத்தில் அதுதான் வழக்கம். பிள்ளைகளில் யாராவது தோட்டத்து வேலையில் இருந்தால் வீடு அவர்கள் பேரில் தொடரும். அம்மாவுக்கு நான் ஒருவன்தான். நான் தோட்டத்து வேலைக்குப் போகக் கூடாது என்பதற்காகத்தான், அப்பா இறந்த பிறகு தனியாளாக நின்று அவள் என்னைப் படிக்க வைத்தாள்.

வீட்டை விடுவதற்கு முன்னால் முன்பக்கத்தை ஒரு போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கம்மா என்று கேட்டேன். வீட்டையா, அதில் என்ன இருக்கிறது என்றாள். சரி என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள். இரண்டு நாளில் போட்டோ வந்தது. கல்யாணப் பட்டுச்சேலை கட்டி, தலையில் கனகாம்பரம் வைத்து, டூரிஸ்ட் ஆட்கள் நின்று படம் எடுக்கும் வியூ பாயின்ட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். பின்னால் அணைத் தண்ணீர் மினுங்குகிறது. பக்கத்து வீட்டு மரியம்மா அக்காவின் மகள் ஜீப் பிடித்துக் கூட்டிப்போய் எடுத்தாளாம். வெளிநாட்டில் இருக்கும் மகன் போட்டோ கேட்கிறான், அவனுக்குப் போய் லயத்தை அனுப்ப முடியுமா என்று இரண்டு பேரும் யோசித்திருக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது, ஆனாலும் மூலையில் எங்காவது லயம் தெரிகிறதா என்று படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன்.

மறுபடி கேட்பதற்குள் சாவியைக் கொடுத்தாகிவிட்டது. ஜார்க்கண்டிலிருந்து வந்த ஒரு குடும்பம் குடியேறியது. கம்பெனி லயத்துக்குப் புது வெள்ளை அடித்து, கதவுக்கெல்லாம் நீலப் பெயின்ட் பூசியது. மரியம்மா அக்காவின் மகள் அதற்கப்புறம் அனுப்பிய படத்தில் ஜன்னல் வலப்பக்கம் இருக்கிறது என்பது மட்டும்தான் எனக்குக் கிடைத்தது. மற்றதெல்லாம் வேறு யாருடைய வீடோ.

அம்மா மறையூரில் சித்தி வீட்டுக்குப் போனாள். சித்தி நல்ல மாதிரி, தங்கச்சி என்றாலும் தாயைப் போல் பார்த்துக்கொள்கிறாள். கரும்பு வெல்லம் காய்ச்சும் கொட்டகைக்குப் பக்கத்தில் காற்றோட்டமான அறை. ஆனால் அம்மா கொண்டுபோன மூட்டைகளை அவிழ்க்கவே இல்லை என்று சித்தி போனில் வருத்தப்பட்டாள். கட்டின கட்டோடு சுவரோரம் கிடக்கிறதாம். ஒரு புடவையை எடுத்துக் கட்டுவாள், துவைத்து மறுபடி மூட்டைக்குள் வைத்துக் கட்டிவிடுவாள். வெல்லப்பாகு வாடையில் தலை வலிக்கிறது, குளிர் இல்லாமல் தூக்கம் வரவில்லை, எப்போது வீட்டுக்குப் போகலாம் என்கிறாள். எந்த வீட்டுக்கு என்று சித்தியால் கேட்க முடியவில்லை. சாப்பாடும் குறைந்துவிட்டது.

இங்கே கொஞ்ச நாள் கூட்டிவந்து வைத்துக்கொள்ளலாம் என்று விசாவுக்கு விண்ணப்பித்தோம். வந்தவர் திரும்பிப் போவார் என்பதற்கு ஆதாரம் கேட்டார்கள். சொந்த வீடு, நிலம், வேலை, கணவர், இதில் ஏதாவது ஒன்று. அம்மாவிடம் ஒன்றும் இல்லை. விண்ணப்பம் திரும்பி வந்தது. ஜெஸி அன்றைக்குத் துண்டுச்சீட்டில் எதுவும் எழுதாமல், நான் வரும்வரை தூங்காமல் காத்திருந்தாள். இரண்டு பேரும் சேர்ந்து சாயா குடித்தோம்.

அந்தச் சாயாவின்போதுதான் எனக்குத் தோன்றியது. அம்மாவை இங்கே கொண்டுவர முடியாது, அவளுக்கு அந்த வீட்டையும் வாங்கித்தர முடியாது. அதை வரைந்து அனுப்பலாம். அவள் அறைச் சுவரில் அது இருந்தால், ஒருவேளை மூட்டையை அவிழ்ப்பாள்.

4

குளிர்காலம் முழுக்க அதையே வரைந்தேன். ஆப்பிளையும் பாட்டிலையும் மற்றவர்களுக்கு விட்டுவிட்டேன். லேனாவிடம் விஷயத்தைச் சொன்னதும் என்னை ஒரு மூலையில் தனியாக உட்கார வைத்து, பென்சிலுக்குப் பதில் கரித்துண்டு கொடுத்தாள். கரியில் தப்பு செய்தால் கையாலேயே துடைத்துவிட்டு மேலே போகலாம். நான் நிறையத் துடைத்தேன். படிக்கட்டில் கால் தேய்ந்த குழி, தண்ணீர்க் குழாயடி, மழைக்கு ஒதுங்கும் கோழிகள், வாசலில் தொங்கும் ரெயின்கோட்டு என்று ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. வீட்டுக்கு வந்தும் சமையலறை மேசையில் வரைந்தேன். மேசைத்துணி கறுப்பானதற்கு ஜெஸி திட்டவில்லை.

கிறிஸ்மஸுக்கு நிஷா வந்தாள். படத்தைப் பார்த்து, இது உங்க ஊர் ரிசார்ட்டா என்று கேட்டாள். அவள் சிநேகிதி ஒருத்தி சின்னக்கானலுக்குச் சுற்றுலா போய்ப் படங்கள் போட்டிருந்தாளாம். அவளுக்கு அந்த ஊரென்றால் கண்ணாடிச் சுவரும் பனிமூட்டமும்தான். இல்லை, ஆச்சி வீடு, நீ சின்னப்பிள்ளையில் வந்திருக்கிறாய் என்றேன். அட்டை கடித்தது மட்டும்தான் அவளுக்கு நினைவிருந்தது. கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, இதில் பாத்ரூம் எங்கே என்று கேட்டாள். வெளியே, அந்தக் கோடியில், எட்டு வீட்டுக்கும் சேர்த்து என்றேன். அவள் தலையாட்டினாள். அப்புறம் போனை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்விட்டாள். கோபித்துக்கொள்ள அதில் ஒன்றுமில்லை. அவளிடம் நான் எதையும் சொல்லி வளர்க்கவில்லை, அவள் எதையும் கேட்டு வளரவில்லை. ஆனாலும் அன்று எனக்கு இந்த வீட்டில் ஒண்டுக்குடித்தனம் இருப்பவன் மாதிரி இருந்தது.

5

பனி உருகி முடிந்தபோது படமும் முடிந்தது. லேனா பார்த்துவிட்டு, இனி தொடாதே என்றாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அதைப் போட்டோ எடுத்துச் சித்தியின் போனுக்கு அனுப்பிவிட்டு, அம்மாவை அவள் போனில் கூப்பிட்டேன். ஜெஸி இரவு ஷிப்ட் முடிந்து உள்ளே தூங்கிக்கொண்டிருந்தாள்.

“நல்லாருக்குய்யா” என்றாள் அம்மா. “கையி எம்புட்டு நல்லா வருது ஒனக்கு.” கொஞ்சம் பொறுத்து, “இது எந்த லயம்?” என்று கேட்டாள்.

நம்ம லயம்மா, மூணாவது கதவு நம்மது, குழாயடியைப் பாருங்க என்று சொன்னேன்.

“நம்மதா?” அவள் குரலில் வருத்தம் இல்லை, யோசனைதான் இருந்தது. “நா இங்கிட்டு நின்னு எங்கய்யா பாத்தேன். காலையில பனிக்குத் தலைய குனிஞ்சுக்கிட்டு பிரட்டுக்கு ஓடுனா, கொழுந்து நெறுத்துட்டு இருட்டத்தான் எறங்குவேன். ஞாயித்துக்கெழம வீட்டுக்குள்ள கெடப்பேன். வெளிச்சத்துல லயத்தப் பாத்ததெல்லாம் மேல காட்டுல நின்னுதான்.”

வேலைக்கு முன்னால் பேர் கொடுக்க எல்லாரும் கூடுவது பிரட்டு; தேயிலைச் சரிவைத்தான் நாங்கள் காடு என்போம். நான் வரைந்திருந்தது பள்ளிக்கூடம் விட்டு ரோட்டிலிருந்து ஏறி வரும் பையன் பார்த்த லயம். மேலேயிருந்து அது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. காட்டுப் பக்கம் வந்தால் காலை ஒடித்துவிடுவேன் என்று அம்மா சொல்லி வைத்திருந்தாள். தங்கள் அம்மாவுக்கு உதவியாகக் கொழுந்து கிள்ளப் போன பிள்ளைகள் அப்புறம் பள்ளிக்கூடம் திரும்பியதில்லை, அதனால். அவள் வாழ்நாளெல்லாம் நின்ற இடத்தில் நான் ஒரு தடவைகூட நின்றதில்லை என்பது அந்த நிமிடத்தில்தான் எனக்குப் புரிந்தது. குளிர்காலம் முழுக்க வரைந்தது என் வீட்டை. அவளுடையதை இல்லை.

புதுத் தாளை எடுத்தேன். சொல்லுங்கம்மா, மேலேருந்து என்ன தெரியும் என்றேன். போனை மேசைமேல் வைத்து அவள் சொல்லச் சொல்ல வரைந்தேன். முதலில் தகரக் கூரைதான். அது பறக்காமல் இருக்கக் கல்லும் பழைய டயரும். கோடி வீட்டுக் கூரையில் விறகு காயும். கூரைக்கு அப்பால் ரோடு, அதில் பஸ் வந்தால் சின்னதாகத் தெரியும். கதவும் ஜன்னலும் அங்கிருந்து ஒன்றும் தெரியாது.

எட்டு வீட்டுக்கும் ஒரே தகரமாயிற்றே, நம்ம வீடு எதுவென்று எப்படிம்மா தெரியும் என்று கேட்டேன்.

“பொகையத்தான்” என்றாள். “மத்த வீட்ல பெரியாளு இருந்துச்சு, மத்தியானமே பொகையும். நம்ம வீட்ல நீ வந்து அடுப்பப் பத்த வச்சாத்தான. மூணாவது தகரத்துல பொக வந்துருச்சுன்னா, புள்ள வந்துட்டான்னு இருக்கும். அது வரைக்கும் கையி கொழுந்துல இருக்கும், கண்ணு அங்கதான் கெடக்கும்.”

அப்பா போன பிறகு, பள்ளிக்கூடம் விட்டு வந்து நானே கதவைத் திறந்து, ஈர விறகோடு மல்லுக்கட்டி, பாலில்லாத கட்டஞ்சாயா போட்டுக் குடித்துவிட்டு, இருட்டும்வரை அடுப்பு முன்னால் உட்கார்ந்திருப்பேன். உலகத்தில் என்னை யாரும் நினைப்பதில்லை என்று அழுத நாட்கள் உண்டு. இங்கே வந்தும், தனியாக இருப்பது எனக்கு அப்போதே பழகிவிட்டது என்று ஜெஸியிடம் பெருமை பேசியிருக்கிறேன். மேலே ஒருத்தி நின்று பார்த்துக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது. அவளும் சொன்னதில்லை.

அடுப்புக்கு மேலே வரும் இடத்தில், மூன்றாவது தகரத்துக்குப் பின்னால் கரியை அழுத்திப் பூசினேன். புகையைக் கோட்டால் வரைய முடியாது. பூசிய கரியிலிருந்து ரப்பரால் ஒற்றி ஒற்றி எடுக்க வேண்டும், எடுத்த இடம்தான் புகையாகத் தெரியும். அது கொஞ்சம் கோணலாகத்தான் ஏறியது. படம் முடியக்கூட இல்லை. அப்படியே போட்டோ எடுத்து அனுப்பினேன்.

சித்தி தன் போனை அம்மாவிடம் நீட்டுவது கேட்டது.

“ம்” என்றாள் அம்மா, என்னிடமில்லாமல், பக்கத்தில் கொழுந்து கிள்ளும் யாரிடமோ சொல்வதுபோல. “வந்துட்டான். இனி நிம்மதியா வேலையப் பாக்கலாம்.”

நான் எங்கேயும் வந்திருக்கவில்லை. ஏழு கடலுக்கு இந்தப் பக்கம், சமையலறை மேசை முன்னால், விரலெல்லாம் கரியோடு உட்கார்ந்திருந்தேன். வந்துட்டேம்மா என்றேன். சாயா போட்டுக் குடி என்றாள்.